கல்லறைத் தோட்டத்துக்கு வாங்கியதும் ஏமாந்ததும்: பிரஷர் வாஷ், கரிமூட்டம், சுண்ணாம்பு

9,000 ரூபாய் கொடுத்து, நூறு வருஷத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்ற பளிங்குக் கல் ஒன்றிலிருந்து 11 எழுத்துகளை நாங்களே உதிர்த்துவிட்டோம். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். உங்கள் ஊரிலும் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சரி பண்ணலாம் என்று நாலு பேர் கிளம்பியிருந்தால், பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

இடம் எதுவென்று சரியாகச் சொல்லப்போவதில்லை. வாடிப்பட்டி தாண்டி, சிறுமலை கண்ணுக்கு நேரே நிற்கிற பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரன் கல்லறை என்றால் உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி ராத்திரியில் கடப்பாரையோடு வருகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், நாங்கள் முதல்முறை போனபோதே இரண்டு கல்லறைகள் தலைமாட்டில் குடையப்பட்டுக் கிடந்தன. ஊர் பெயர் வேண்டாம் என்று ஊர்க்காரர்களே கேட்டுக்கொண்டார்கள்.

இன்றைக்கு மதுரையிலிருந்து திண்டுக்கல் என்பது ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடுகிற பஸ் பயணம். ஆனால் ஒரு காலத்தில் இது எல்லைப்புறம். திண்டுக்கல் மைசூர் கையில் இருந்தது, ஹைதர் அலி ஆளாகி வந்ததே அந்தக் கோட்டையில்தான். 1783-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதைப் பிடித்தது, அடுத்த வருஷமே மங்களூர் ஒப்பந்தப்படி திப்புவுக்குத் திருப்பிக் கொடுத்தது, 1790-ல் மறுபடி பிடித்தது, 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் ஊர் நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போனது. எல்லை போன பின்னாலும் சாலை இருந்தது. பட்டாளம், கலெக்டர் ஆபீஸ் ஆட்கள், மிஷனரிகள், 1875-ல் மதுரைக்கு ரயில் வந்த சமயத்தில் தண்டவாளம் போட்டவர்கள் என்று எல்லாரும் இந்த வழியாகத்தான் போனார்கள், சிலர் போய்ச் சேராமல் வழியிலேயே தங்கிவிட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் எழுத்து தெரிகிற கற்கள் 14. அதில் 6 குழந்தைகளுடையவை. காலராவும் காய்ச்சலும் அந்தக் காலத்தில் அப்படி. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன் ஆட்கள் பத்துப் பதினோரு வருஷம் வரிசையாக ஆட்களைப் புதைத்துவிட்டுத்தான் 1845-ல் உயிர் பிழைக்கக் கொடைக்கானல் மலை ஏறினார்கள். நாம் ஏரியில் படகு விட்டு, ஹோம்மேட் சாக்லேட் வாங்கிவிட்டு வருகிற ஊர் உருவானது அதனால்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதலில் அனுமதி. இடம் சபைக் கமிட்டியின் பொறுப்பில் இருந்தது, எழுதிக் கொடுத்து வாங்க மூன்று மாதம் ஆனது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை, எழுத்தில் வாங்காமல் ஒரு செடியைக்கூடப் பிடுங்காதீர்கள், அவ்வளவுதான்.

அடுத்து சீமைக் கருவேலம். கேட்டைத் திறந்தால் கல்லறையே தெரியாது, முள்ளுதான். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்றச் சொன்ன சமயத்தில் இங்கேயும் யாரோ வெட்டியிருக்கிறார்கள், தூரை விட்டுவிட்டதால் ஒன்றுக்கு நாலாக முளைத்துவிட்டது. ஜேசிபி வைத்து ஒரே நாளில் வழித்துவிடலாம் என்று எங்களில் பாதிப் பேர் சொன்னோம், நானும் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். நல்லவேளை அது நடக்கவில்லை. செங்கல் வளைவு கட்டி மேலே மண் மூடிய குழிகள் அங்கே இருந்தன, ஜேசிபி சக்கரம் ஏறியிருந்தால் அப்படியே உள்ளே போயிருக்கும்.

எங்களைக் காப்பாற்றியது கரிமூட்டம் போடுகிறவர்கள், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரி சுடுகிறவர்கள். இந்தச் சேவையை யாரும் விமர்சனம் எழுதி நான் பார்த்ததில்லை, ஆனால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். கூலி கிடையாது. விறகை அவர்களே எடுத்துக்கொள்வார்கள், கொஞ்சம் பேசினால் நமக்கே ஒரு தொகை தருவார்கள். முக்கியமான விஷயம், தூர்க்கட்டையில் சுட்ட கரிக்கு விலை கூட என்பதால் அவர்கள் மேலே வெட்டிவிட்டு ஓடுவதில்லை, கடப்பாரையால் தோண்டி வேரோடு எடுக்கிறார்கள். கல்லறையை ஒட்டி நிற்கிற தூரை மட்டும் தோண்டாதீர்கள் என்று சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தோம், ஒரு கோட்டைக்கூட அவர்கள் தாண்டவில்லை. மூட்டத்தை அங்கேயே போடுகிறேன் என்று கேட்டதும், அமாவாசைக்கு முந்தின நாள் போனவர்கள் நாலு நாள் கழித்து வந்ததும்தான் அந்த அரை மார்க் குறைந்ததற்குக் காரணம். ரப்பர் செருப்பு போட்டுப் போகாதீர்கள். முள் அதைத் துளைத்துப் பாதம் வரைக்கும் வரும். எனக்கு வந்தது. கல்லைப் புரட்டுவதற்கு முன்னால் கம்பால் தட்டுங்கள், ஒரு கல்லுக்கு அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது.

புல்வெட்டும் மிஷின் நாள் வாடகை 800 ரூபாய். நடைபாதைக்கு அருமை. கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோகக் கூடாது, சுழல்கிற நைலான் கயிறு பொடிக்கற்களைத் துப்பாக்கி மாதிரி அடிக்கிறது, ஒரு சிலுவையின் ஓரத்தில் அரிசி அளவுக்கு வெள்ளையாகச் சில்லு பெயர்ந்ததைப் பார்த்ததும் நிறுத்திவிட்டோம். அதன் பிறகு கல்லைச் சுற்றி ஒரு முழம் வரைக்கும் கருக்கு அரிவாள்தான்.

இப்போது அந்த 9,000 ரூபாய்க் கதை. பெயர் சொல்ல மாட்டேன், மாடி, டைல்ஸ், காம்பவுண்டு சுவர் எல்லாம் பிரஷர் வாஷ் பண்ணித் தருகிற ஒரு ஆள். டெம்போவில் மிஷின் வந்தது, இரண்டு தம்பிகள் வந்தார்கள், வெள்ளைக் கேனில் ஏதோ ஒரு திரவம். லேபிள் இல்லை. முதலில் கருங்கல்லில் அடித்துக் காட்டினார்கள், கருப்பும் பாசியும் கழன்று கல் புதுசு மாதிரி வந்தது, நாங்கள் கைதட்டாத குறை. அதே சூட்டோடு பளிங்குக்குப் போனார்கள். திரவத்தை ஊற்றியதும் கல்மேல் சுறுசுறுவென்று நுரை கிளம்பியது.

“பார்த்தீங்களாண்ணே, அழுக்கு எப்படிக் கழலுதுன்னு” என்றான் ஒரு தம்பி.

கழன்றது அழுக்கு இல்லை. பளிங்கும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே ஜாதி, ஆசிட் பட்டால் கல்லே கரைகிறது, அந்த நுரை கல்லிலிருந்து கிளம்பும் கரியமில வாயு. பத்தாம் வகுப்பில் படித்தது. படித்துவிட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் மிஷினால் தண்ணீர் அடித்தார்கள். அந்தக் கல்லில் எழுத்துகள் வெறுமனே செதுக்கப்பட்டவை இல்லை, செதுக்கிய பள்ளத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு அதில் ஈயத்தை அடித்து இறக்கிச் சமன்படுத்திய எழுத்துகள். தண்ணீர் வேகத்தில் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து புல்லில் விழுந்தன. சத்தம் போட்டு நிறுத்துவதற்குள் 11 போய்விட்டன. மண்ணைச் சல்லடையில் சலித்து 7 கண்டெடுத்தோம், இப்போது ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கமிட்டி அலமாரியில் இருக்கின்றன. காய்ந்த பிறகு கல்லைத் தடவிப் பார்த்தேன், முன்னால் வழுவழுவென்று இருந்தது, இப்போது கையில் சர்க்கரை மாதிரிப் பொடி ஒட்டுகிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “கல் பழசுண்ணே” என்றார் முதலாளி. டைல்ஸுக்கு அவர் நல்ல ஆளாகவே இருக்கலாம், கல்லறைக்கு அவரையும் அவர் மாதிரி யாரையும் கூப்பிடாதீர்கள். மதிப்பெண் பூஜ்ஜியம்.

இந்தத் துக்கத்தை அக்கா மகனிடம் போனில் சொன்னேன், அவன் டெக்சாஸில் இருக்கிறான். அங்கேயும் எல்லைப்புறத்தில் குடியேறியவர்களின் பழைய கல்லறைகளை ஊர் ஜனங்கள் சனி ஞாயிறில் கூடிச் சரி பண்ணுகிறார்களாம், அவனே ஒருமுறை போய்த் தண்ணீர் வாளி தூக்கியிருக்கிறான். அவர்கள் டி/2 என்று ஒரு திரவம் பயன்படுத்துகிறார்கள், அங்கே ராணுவத்தாரின் தேசியக் கல்லறைகளிலும் அதுதான். ஆசிட்டும் கிடையாது, பிளீச்சிங்கும் கிடையாது, பாசியைக் கொல்லும், தேய்க்கக்கூட வேண்டாம், தெளித்துவிட்டு வந்தால் வாரக்கணக்கில் மழையும் வெயிலும் மிச்ச வேலையைச் செய்துகொள்ளும். வரவழைக்க விசாரித்தோம். கப்பல் கூலியோடு வந்த விலையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். ஆனால் அவன் சொன்ன ஒன்று உதவியது: முதலில் வெறும் தண்ணீர், பிறகும் வெறும் தண்ணீர், இரும்புப் பிரஷ் கூடவே கூடாது. இரும்புத் துகள் கல்லில் சிக்கி, அடுத்த மழைக்குத் துருப்பிடித்துப் பழுப்புக் கறையாக இறங்கும்.

ஆகவே எங்கள் சாமான் பட்டியல் கடைசியில் இப்படி ஆனது: செடிக்குத் தெளிக்கிற ஸ்பிரேயர், துணி தேய்க்கிற நைலான் பிரஷ், தேங்காய் நார், எழுத்துக்குள் இருக்கிற பாசியை எடுக்க மூங்கில் சிம்பு, பழைய பல் பிரஷ். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள். கல்லை முதலில் நன்றாக நனைத்து, கீழிருந்து மேலாகத் தேய்த்து, உடனுக்குடன் கழுவிவிட வேண்டும், மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த கல்லில் வழிந்து கோடு கோடாகக் கறை போடும். ஒரு கல்லுக்கு இரண்டு பேர், அரை நாள். பிரஷர் வாஷ்காரர் ஆறு நிமிஷத்தில் முடிப்பார், தெரியும்.

எழுத்தை வாசிப்பதற்கு மாவு, சாக்பீஸ் எதுவும் பூச வேண்டாம். பொழுது சாய்ந்த பிறகு செல்போன் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்த கல்லில் நிழல் விழுந்து வரிகள் எழுந்து வருகின்றன, முதல்முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. ஈயம் உதிர்ந்த கல்லிலும் இப்படித்தான் ஆணித்துளைகளை எண்ணி நாலு எழுத்தை மீட்டோம். 1905-ல் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற அதிகாரி மதராஸ் மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்துப் போட்ட பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் உங்கள் கல் இருந்தால் அதிர்ஷ்டம். எங்கள் பளிங்கு அதில் இல்லை. பெரிய ஆட்களையும் வரலாற்றில் வருகிறவர்களையும்தான் அவர் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார், வயது மாதக்கணக்கில் எழுதப்பட்ட ஒரு குழந்தைக்கு அதில் என்ன இடம்?

தமிழ்க் கற்களும் நான்கு இருக்கின்றன. உதவிக்கு வந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னால், ‘இளைப்பாறுகிறாள்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டார்கள். ளை-க்கு யானைத் தும்பிக்கை மாதிரி மேலே ஒரு சுழி, றா-வும் வேறு மாதிரி வளைந்திருக்கிறது. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகு படித்தவர்களுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்து வேடிக்கை பார்க்க வந்த ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர், முஸ்லிம், எண்பதைத் தொட்டவர், கண்ணாடியைக்கூடப் போடாமல் விரலால் தடவி வாசித்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிடுவார்.

இனி சுண்ணாம்பு. இந்த விமர்சனத்தில் நான் மனசார ஐந்துக்கு ஐந்து கொடுப்பது இதற்குத்தான், அதோடு சேர்த்து எங்கள் கொத்தனாருக்கு. சோழவந்தான் பக்கத்துக்காரர், அப்பா காலத்தில் கோயில் மண்டப வேலை பார்த்த குடும்பம். முதல் நாள் வந்து ஒரு வார்த்தை பேசாமல் தோட்டத்தைச் சுற்றினார். கீழே உதிர்ந்து கிடந்த ஒரு கல் சில்லை எடுத்து, பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. “இதுல போயி ஆசிட் ஊத்திருக்கீங்களே தம்பி” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

செங்கல் மேடைகளில் பாதிக்கு முன்னாடியே யாரோ புண்ணியவான் சிமெண்டு பூசியிருந்தார். வெளியே பார்த்தால் சிமெண்டு அப்படியே கல் மாதிரி இருக்கிறது, தட்டினால் பானை மாதிரிச் சத்தம். உளி வைத்து ஓர் ஓரத்தைத் தூக்கினார், பின்னால் செங்கல் மாவாகக் கொட்டியது, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் பழைய சுண்ணாம்புக் காரை வழியாக மூச்சு விட்டு வெளியே போய்விடும், சிமெண்டு அதை அடைத்துவிடுகிறது, போக வழியில்லாத ஈரமும் உப்பும் செங்கலைத் தின்கின்றன. இதை நான் மூன்று வரியில் சொல்லிவிட்டேன், அவர் அந்த மாவை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் பார்த்தார்.

பாக்கெட்டில் வருகிற வெள்ளையடிக்கிற சுண்ணாம்புத் தூள் வேண்டாம் என்றார். சுட்ட கல் சுண்ணாம்பு வாங்கி வரச் சொல்லி, டிரம்மில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிகளைப் போட்டார். கொதித்தது. நிஜமாகவே அடுப்பில்லாமல் தளதளவென்று கொதித்தது, ஆவி முகத்தில் அடித்தது. கண்ணில் தெறித்தால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். நீற்றியதைச் சலித்து, மேலே தண்ணீர் நிற்கிற மாதிரி மூடி வைத்து ஒரு மாதம் தொடவிடவில்லை. நாங்கள் நச்சரித்தோம். “தயிரு மாதிரி ஆகட்டும்” என்பதுதான் ஒரே பதில்.

அதற்குள் கீழமாசி வீதியில் கடுக்காய் வாங்கி, இடித்து ஊறப்போட்டு, கருப்பட்டி கரைத்துப் புளிக்க வைத்தார். நாலாம் நாள் அந்தப் பக்கம் போனால் கள்ளுக்கடை வாசம், ஈ மொய்க்கிறது, ஊர்ப் பெரிசு ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு ஏமாந்து போனது. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், இந்தத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கலவை. அதை அவரும் சித்தாள் அக்காவும் மாறி மாறிக் குத்தினார்கள், கரணையில் எடுத்துக் கவிழ்த்தால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற வரைக்கும். பூச்சு ஒரு விரல்கடை கனம்கூடக் கிடையாது. ஒரு கோட்டு, அது இறுகிய பிறகு அடுத்த கோட்டு, மேலே நனைந்த சாக்கு. சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் திரும்பக் கல்லாகிறது, அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும், அதனால் மதுரைச் சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தையில் ஆரம்பிப்பது நல்லது. திருமலை நாயக்கர் மஹால் தூண்களும் உள்ளே செங்கல், வெளியே சுண்ணாம்புதான், 1636-ல் கட்டியது இன்னும் நிற்கிறது, போனால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். காவலாளி திட்டுவார், நான் தட்டவில்லை.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. போன் எடுக்க மாட்டார். ஒன்பது மணி என்றால் பதினொன்று. முகூர்த்த மாதத்தில் ஆளே இல்லை. நாள் கூலி 1,200, சித்தாளுக்குத் தனி, வேலை இழுத்துக்கொண்டே போவதால் கணக்கு கூடத்தான் செய்யும், 7 மேடைகளுக்கு எங்களுக்கு 40,000-ஐத் தாண்டிவிட்டது. அப்புறம் அரசஞ்செடி விஷயம். கல்லறை இடுக்கில் முளைத்த அரசைப் பிடுங்கினால் செங்கலும் சேர்ந்து வரும் என்று அவர் தடுத்தது சரி, அடியோடு வெட்டிவிட்டுத் துளை போட்டுப் பெருங்காயத்தை அடைத்தால் வேர் செத்துவிடும் என்று சொன்னதுதான் எங்களிடம் பலிக்கவில்லை. மூன்று தூரில் இரண்டு மறுபடி துளிர்த்துவிட்டது, நல்ல வாசனையாக. இப்போது மாதம் ஒருமுறை போய்த் துளிரைக் கிள்ளுகிறோம், இலையே விடாமல் இருந்தால் வேர் தானாகச் சோர்ந்துபோகும் என்று பார்க்கிறோம்.

பணம் எங்கிருந்து என்று கேட்பீர்கள். கரிமூட்டக்காரர் கொடுத்தது, ஊரில் வசூலித்தது, வெளிநாட்டில் இருக்கிற இரண்டு மூன்று பேர் அனுப்பியது. இந்த மாதிரி வேலைகளுக்கென்றே 1976-ல் லண்டனில் ஆரம்பித்த தெற்காசியக் கல்லறைகளுக்கான சங்கம் ஒன்று இருக்கிறது, சின்ன அளவில் உதவி செய்வார்கள். நாங்கள் அவர்களுக்கு எழுதியதே 9,000 போன பிறகுதான், நீங்கள் முதலிலேயே எழுதிவிடுங்கள். எழுதும்போது வேலைக்கு முந்தின போட்டோ கேட்பார்கள், ஒவ்வொரு கல்லையும் தொடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்தப் பளிங்குக் கல்லுக்கு இருந்த ஒரே பழைய படம், ஒரு பையன் அதன்மேல் சாய்ந்து நின்று எடுத்த செல்ஃபி. அவன் தோள் மறைத்த இடம் போக மிச்ச எழுத்து அதில் தெரிந்தது.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் போயிருந்தேன். பூசிய மேடைகள் இன்னும் முழுக்க வெளுக்கவில்லை, தொட்டால் குளுகுளுவென்று இருந்தன. அந்தக் கல்லுக்கு முன்னால் யாரோ மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். வாத்தியார் நாற்காலியில் உட்கார்ந்து பருத்திப்பால் குடித்துக்கொண்டிருந்தார், “ஈயத்த எப்பத் தம்பி ஒட்டப்போறீங்க?” என்றார். அதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். ஈய எழுத்து பதிக்கத் தெரிந்த கைவேலைக்காரர் மதுரைப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிரஷர் மிஷின் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம்.

டிரம்மில் பாதிச் சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது. மேலே தண்ணீர் நிற்கிற வரைக்கும் கெடாது, வைக்க வைக்க நன்றாகத்தான் ஆகும் என்கிறார் கொத்தனார். பக்கத்தில் யாருக்காவது இதே மாதிரி வேலை இருந்தால் வந்து அள்ளிக்கொண்டு போகலாம், காசு வேண்டாம். டிரம்மை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது என் வீட்டுக்காரம்மா தண்ணீர் பிடிக்க வைத்திருந்தது.